படத்தின் பின்பக்கம்: ஒரு விசிட்டிங் கார்டுக்கு வாசகம் எழுதப்போய்

2025 கார்த்திகையில் ராசிங்காபுரத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று போட்டோ எடுக்கிறவர். தை முகூர்த்தங்களுக்கு முன்னால் ஆயிரம் விசிட்டிங் கார்டு அடித்துவிட வேண்டும் என்பது அவர் அவசரம். "நீங்க தமிழ் எம்.ஏ. படிச்சவங்கண்ணே. நாலு வார்த்தை நச்சுனு எழுதிக் குடுங்க. வாங்குறவன் பையில வெக்கணும், டீக்கடையிலேயே போட்டுட்டுப் போயிறக்கூடாது."

தேனியில் ஒரு கடையில் செய்து வாங்கிய மாதிரி ஒன்றைப் போனில் காட்டினார். ஒரு மூலையில் கேமரா, மறு மூலையில் மயிலிறகு. நடுவில் சாய்ந்த ஆங்கில எழுத்தில் பெயர். கேண்டிட், டிரோன், அவுட்டோர், ஆல்பம் என்று கீழே ஒரு வரிசை. இரண்டு செல் நம்பர். கடைசி வரியில் 'ராசிங்காபுரம், போடி தாலுகா, தேனி மாவட்டம்'. மயிலிறகைத் தூக்கச் சொன்னேன், சிரித்துக்கொண்டே சம்மதித்தார். பிறகு ஏதோ புரூப் திருத்துகிறவன் போல, "தெருப் பேரு விட்டுப்போச்சே" என்றேன்.

"அது வேணாம்ணே."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிரதியில் சொல்லப்படாததைத்தான் வாசிக்க வேண்டும் என்று கூட்டங்களில் பேசிக்கொண்டு திரிகிறவன் நான். ஒரு முகவரியில் தெரு இல்லாததை அச்சுப்பிழை என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு நிமிடத்தின் வெட்கத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை.

விசிட்டிங் கார்டுக்கும் புகைப்படத்துக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடப் பழையது. ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. 1854 நவம்பரில் பாரீசில் திஸ்தேரி என்ற ஸ்டுடியோக்காரர் ஒரு காப்புரிமை வாங்கினார். ஒரே கண்ணாடித் தகட்டில் பல லென்சுகளை வைத்து எட்டுப் படம்வரை எடுத்து, காகிதத்தில் அச்சிட்டு, துண்டு துண்டாக வெட்டி அட்டையில் ஒட்டுவது. அட்டையின் அளவு அன்று கனவான்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகும்போது வேலைக்காரனிடம் கொடுத்தனுப்பிய பெயர் அட்டையின் அளவு. அதனால் அதற்குப் பெயரே 'கார்த் தெ விசித்', அதாவது விசிட்டிங் கார்டு. பெயர் இருந்த இடத்தில் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. 1860இல் லண்டனில் மேயல் என்பவர் விக்டோரியா ராணி குடும்பத்தின் படங்களை இந்த அளவில் வெளியிட்டதும் அது பைத்தியமாகவே பரவிற்று. ராணியின் முகத்தைக் காசு கொடுத்து வாங்கி, தன் மாமியார் முகத்துக்குப் பக்கத்தில் ஆல்பத்தில் செருகி வைக்கலாம் என்பது அதுவரை உலகம் காணாத சமத்துவம்தான், ஆல்பம் வாங்கக் காசு உள்ளவர்களுக்கு.

ஒட்டிய படம் சுமார் 89க்கு 54 மில்லிமீட்டர். இன்று சிவகாசியில் அடித்துவரும் விசிட்டிங் கார்டு மூன்றரைக்கு இரண்டு அங்குலம், கணக்குப் போட்டால் 89க்கு 51. நம் பர்சில் கிடக்கும் பிளாஸ்டிக் ஆதார் அட்டையும் புது வாக்காளர் அட்டையும் ஏறக்குறைய 86க்கு 54. என் மேசை மேல் மூன்றையும் அடுக்கி வைத்துப் பார்த்தேன். சட்டைப் பையின் அளவு என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் முகம், பெயர், முகவரி என்ற மூன்றும் எந்தச் சட்டத்துக்குள் ஒன்றாக அடைபட வேண்டும் என்பது நூற்றெழுபது ஆண்டுகளாக மாறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பழைய அட்டைகளின் முன்பக்கத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குப் பின்பக்கம் முக்கியமாகப் படுகிறது. முன்னால் எடுக்கப்பட்டவரின் முகம், பின்னால் எடுத்தவரின் பெயர். ஸ்டுடியோவின் விலாசம், வாங்கிய பதக்கங்கள், எந்த ராஜாவுக்குப் படம் எடுத்தோம் என்ற விருது, நெகடிவ் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் காப்பி கிடைக்கும் என்ற உறுதி. போட்டோக்காரனுக்கு முதல் விசிட்டிங் கார்டு அவன் எடுத்த படத்தின் முதுகுதான். செகந்திராபாத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த லாலா தீன்தயாளுக்கு நிஜாம் 'ராஜா' பட்டம் கொடுத்தார், 1897இல் விக்டோரியா ராணியின் நியமனமும் கிடைத்தது. அப்பேர்ப்பட்டவருக்கு அட்டையின் முதுகில் எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை. முன்பக்க முகத்துக்குச் சொந்தக்காரரின் பெயரோ, வீட்டில் யாராவது பென்சிலால் எழுதி வைத்திருந்தால் உண்டு. ஒரு தலைமுறை போனால் முகம் அநாதை, ஸ்டுடியோ மட்டும் சாசுவதம்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். அதே பாரீசில் இன்னொரு பெரிய போட்டோக்காரர் இருந்தார். பெயர் நாதார். எழுத்துக்கூட்டிப் படித்தால் நம்மூரில் 'நாடார்' என்றே வரும். அது அவர் தானே வைத்துக்கொண்ட புனைபெயர், இயற்பெயர் தூர்னஷோன். தம்பியும் அதே பெயரில் ஸ்டுடியோ நடத்தத் தொடங்கியதும் அண்ணன் வழக்குப் போட்டார், 1857இல் வென்றார். பெயர் என் உழைப்பில் வந்தது, அதனால் என் சொத்து என்பது அவர் வாதம். பிறகு தன் கடை முகப்பில் அந்தப் பெயரைக் கையெழுத்து வடிவிலேயே சிவப்பில் பெரிதாக எழுதி, இரவில் கேஸ் விளக்குப் போட்டு எரியவிட்டார். இங்கே, ஏறக்குறைய அதே காலத்தில், ஒரு சமூகம் தன்மேல் சுமத்தப்பட்ட பெயரை விட்டு 'நாடார்' என்ற பெயரைப் பெறப் போராடிக்கொண்டிருந்தது. அரசுப் பதிவில் அது ஏற 1921 ஆயிற்று. அங்கே ஒருவன் தம்பிக்கு எதிராகப் பெயரைக் காத்தான், இங்கே ஊரே திரண்டு சர்க்காரிடம் பெயரை மாற்றிக் கேட்டது. பெயர் என்பது தனியாள் சொத்தாக வரும் நாட்டிலிருந்து வந்த ஒரு அட்டையை, பெயர் என்பது கூட்டத்தின் அடையாளமாக இருக்கும் நாட்டில் அச்சடிக்கிறோம். கோளாறு அங்கே தொடங்குகிறது.

நம் பக்கத்துக்குக் கேமரா எப்படி வந்தது என்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான். 1850களின் நடுவில் சென்னை அரசாங்கம் லினியஸ் ட்ரைப் என்ற படை அதிகாரியை அரசுப் புகைப்படக்காரராக வைத்தது. ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று பெரிய பெரிய பெட்டிகளோடு சுற்றினார். 1858இல் மதுரைப் படங்கள் தொகுதி தொகுதியாக வந்தன. புதுமண்டபமும் திருமலை நாயக்கர் மகாலும் அற்புதமாக இருக்கும், ஆட்கள்தான் அநேகமாக இல்லை. வெகுநேரம் திறந்து வைக்க வேண்டிய கேமராவுக்கு நடமாடும் மனிதன் பதிய மாட்டான் என்பது தொழில்நுட்பக் காரணம். ஆனால் மதுரை போன்ற ஓர் ஊரை ஆளில்லாமல் பார்ப்பதில் ஒரு சர்க்காருக்கு அசௌகரியம் எதுவும் இருக்கவில்லை என்பதையும் கவனிக்கலாம். 1860இல் ட்ரெவெல்யன் கவர்னராக இருந்தபோது இதெல்லாம் வீண்செலவு என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். ட்ரைப்பின் உதவியாளராக இருந்தவர் சி. அய்யாசாமி என்ற நம்மவர், அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியைச் சார்ந்தவர். தமிழ்ப் புகைப்பட வரலாறு என்று ஒன்றை எழுதப்போனால் முதல் பக்கத்தில் வரவேண்டிய பெயர். நம் வாசகர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

ஆட்களைக் கேமரா பார்க்கத் தொடங்கியபோது வேறு விதமாகப் பார்த்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக 'இந்திய மக்கள்' என்ற வரிசையை லண்டனில் இந்தியா மியூசியம் வெளியிட்டது. 1857ஐக் கண்டு மிரண்ட ஆட்சி, தான் ஆளுகிறவர்கள் யார் யார் என்று பட்டியல் போட்டுக்கொண்ட காரியம் அது. தெற்கு அதில் ஏறக்குறைய இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் எட்கர் தர்ஸ்டன். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் கொண்டுவந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதி. மண்டையை அளந்தார், மூக்கை அளந்தார், படமும் எடுத்தார். படங்களுக்குக் கீழே பெரும்பாலும் சாதியின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. எங்கள் மலை முதுவர்களும் அதில் வருகிறார்கள். மதுரையிலிருந்து வந்தவர்கள், பிள்ளைகளை முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவர் என்ற பெயர், தெலுங்கு நாயக்கர்கள் வந்து போடிநாயக்கனூரைப் பிடித்த சேதி, எல்லாம் உண்டு. ஒரு கூட்டத்தின் நினைவு இவ்வளவு விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அந்த நினைவைச் சொன்ன வாய்க்கு மட்டும் பெயர் இல்லை.

ஆக அட்டையில் முகம் ஏறுவதற்கு இரண்டு வழிகள் இருந்திருக்கின்றன. கனவானின் முகம் அவன் பெயருக்குப் பதிலாக ஏறியது, குடியானவன் முகம் அவன் சாதிக்குச் சாட்சியாக ஏறியது. 1880களில் பாரீஸ் போலீசில் பெர்த்தியோன் என்ற எழுத்தர் குற்றவாளிகளின் அங்க அளவுகளையும் படத்தையும் ஒரே அட்டையில் சேர்த்தபோது மூன்றாவது வழியும் திறந்தது. இன்று நாம் எல்லோரும் அந்த மூன்றாவது வழியில்தான் அரசாங்கத்துக்குத் தெரிகிறோம்.

மூன்றிலும் அடங்காத ஒரு அட்டை உண்டு. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து விடுதலையான சோஜர்னர் ட்ரூத் என்ற கறுப்பினப் பெண், எழுதப் படிக்கத் தெரியாதவர். 1860களில் தன் படத்தை கார்த் தெ விசித் அளவில் எடுத்து, கூட்டங்களில் விற்றுத் தன் பிழைப்பையும் இயக்க வேலையையும் நடத்தினார். படத்தின் கீழே தன் பெயரையும், உருவைத் தாங்குவதற்காக நிழலை விற்கிறேன் என்ற பொருளில் ஒரு வாசகத்தையும் அச்சிட வைத்தார். 1864இல் அந்தப் படத்துக்கு உரிமையைத் தன் பெயரில் பதிந்துகொண்டார். வழக்கமாக அந்த இடத்தில் ஸ்டுடியோக்காரன் பெயர் வரும். சொந்த உடம்பே இன்னொருவன் சொத்தாக இருந்த ஒருத்தி, தன் நிழலுக்குப் பட்டா வாங்கினாள். விசிட்டிங் கார்டு வரலாற்றில் இதைவிடச் சிறந்த வடிவமைப்பு எனக்குத் தெரியவில்லை. முகம், பெயர், வாசகம், உரிமை, நான்கும் ஒரே ஆளிடம்.

இதையெல்லாம் தம்பியிடம் உற்சாகமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எங்கப்பா ஸ்டாம்ப் பாத்துருக்கீங்களாண்ணே?" என்றார்.

பார்த்திருக்கிறேன். என் ஒன்றாம் வகுப்புப் படத்தின் பின்னால் ஊதா மையில் அது இருக்கிறது. அவர் அப்பா எண்பதுகளின் கடைசியிலிருந்து ஸ்டுடியோ நடத்தியவர். யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா. பின்னணிக்கு ஒரு துணியில் நீரூற்றும் மாடிப்படியும். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பேப்பரில் கறுப்பு வெள்ளை. 1967இல் உற்பத்தி தொடங்கிய அந்த அரசு ஆலை இப்போது மூடிக்கிடக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறையின் முகங்கள் அந்தக் காகிதத்தில்தான் மஞ்சளாகிக்கொண்டிருக்கின்றன. நெகடிவில் பென்சிலால் டச்சிங் செய்வதில் அவர் கெட்டிக்காரர் என்று பேர். டச்சிங் என்றால் என்ன? அம்மைத் தழும்பை எடுப்பது, கன்னத்தை மேடாக்குவது, முக்கியமாக நிறத்தைக் கூட்டிக் கொடுப்பது. எந்தத் தெருக்காரர் வந்தாலும் ஒரு படி வெளுப்பாகத்தான் வெளியே போவார். பெண் பார்க்கப் போகிற படங்களுக்கு இரண்டு படி.

அந்த ரப்பர் ஸ்டாம்பில் மூன்று வரிதான். மகள் பெயரில் ஸ்டுடியோ. 'ராசிங்காபுரம்'. கீழே ஒரு போன் நம்பர், அடைப்புக்குறிக்குள் 'பி.பி.'. பி.பி. என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சொந்தமாகப் போன் இல்லாதவர்கள் பக்கத்துக் கடை, பக்கத்து வீட்டு நம்பரை அச்சடித்துக்கொள்வது. கூப்பிட்டால் ஆள் அனுப்பிச் சொல்வார்கள். அந்த நம்பர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த மளிகைக் கடையுடையது. கடைக்காரர் நல்ல மனுஷர்தான், கூப்பிட்டால் சேதி சொல்லி அனுப்புவார். ஆனால் அந்த போனைத் தம்பியின் அப்பா தன் கையால் எடுத்துப் பேசியதில்லை. கடைக்காரர் காதில் வைத்துக் கேட்டு, இவரிடம் சொல்லி, இவர் சொல்வதைத் திரும்ப அதில் சொல்வார். இதைத் தம்பி சொன்னபோது எனக்குப் புது விஷயமாக இருந்தது. அதே கடையில் அதே போனில் என் அப்பா பேசியதை நான் பார்த்திருக்கிறேன். கல்லாவுக்குப் பின்னால் போய், ஸ்டூலில் உட்கார்ந்து.

என் அப்பாவை அவர் அப்பா 'அய்யா' என்பார். என் அப்பா அவரைப் பேர் சொல்லி 'வாடா போடா' என்பார், வயதில் அவர் மூத்தவர். எங்களுக்குள் அண்ணே, தம்பி என்று வந்துவிட்டது. முப்பது வருஷத்தில் நடந்த மாற்றம் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொள்வேன். விசிட்டிங் கார்டில் தெருவரை வந்ததும் அந்தச் சந்தோஷம் நின்றுவிட்டது.

ஸ்டுடியோவுக்கு ஏன் மகள் பெயர் என்று கேட்டேன். "சாமி பேரு வெச்சாத் தெரிஞ்சிரும்ல" என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டத்தைப் பெயரிலிருந்து விடவேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதன் பலனைத் தமிழ்நாட்டில் எந்தப் போர்டைப் பார்த்தாலும் காணலாம், பட்டங்கள் பெருமளவு உதிர்ந்துவிட்டன. வடக்கேயிருந்து வரும் நண்பர்கள் இதைப் பார்த்து அதிசயிப்பார்கள். ஆனால் உதிர்ந்த இடம் காலியாக இருக்கவில்லை. குலசாமியின் பெயர் வந்தது, தாத்தாவின் முதலெழுத்து வந்தது, 'கோவிலுக்கு எதிரில்' என்ற அடையாளம் வந்தது. வெளியூர்க்காரனுக்கு அது வெறும் வழி, உள்ளூர்க்காரனுக்கு அதுவே பட்டம். மொழியியல்காரர்கள் குறிப்பான் என்று சொல்வது இப்படித்தான் வேலை செய்கிறது. ஒன்றை அடித்தால் அதன் வேலையைப் பக்கத்தில் இருப்பது எடுத்துக்கொள்ளும். திசைகூடத் தப்பவில்லை. கீழத்தெரு, தெற்குத்தெரு என்பதில் என்ன இருக்கிறது? எந்தத் திசை யாருக்கு என்பது ஊருக்கு ஊர் மாறலாம். ஆனால் அந்தந்த ஊரில் பிறந்த ஒரு குழந்தைக்கும் அது தெரியாமல் இருக்காது.

தெருப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கச் சொல்லி 1978இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், ஆணை வந்தது. 1989இல் போடியிலும் சுற்றுவட்டாரத்திலும் சாதிக் கலவரம் நடந்தபோது தெருவுக்குப் பெயர்ப்பலகை இருந்ததா இல்லையா என்று யாரும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, எந்த வீடு யாருடையது என்பதற்குப் பலகை தேவைப்படவும் இல்லை. நான் அப்போது பிறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பல வருஷம் எந்தப் பக்கமாக நடந்து போவது, எந்த டீக்கடையில் நிற்பது என்ற கணக்கோடுதான் எங்கள் ஊர்கள் இருந்தன. 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே வருஷம் அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகளின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கு அரசாணை வந்தது. வரவேற்க வேண்டிய காரியம், சந்தேகமில்லை. காலனி என்பது வெள்ளைக்காரன் சொல், வீட்டுவசதித் துறையின் சொல், அண்ணா நகரிலும் காலனி உண்டு. அந்தச் சொல்லே இங்கு வசைச்சொல்லாக மாறிய கதை ஒரு தனிக் கட்டுரைக்குரியது.

தம்பியிடம் இந்த ஆணையைச் சொன்னேன். "மாத்தட்டும்ணே. மாத்துன புதுப் பேரும் ரெண்டு மாசத்துல தெரிஞ்சு போயிரும்" என்றார்.

சரி, கார்டுக்கு வருவோம். எது நல்ல கார்டு? தேனிக் கடைக்காரரின் அழகியலில், நிரம்பியிருப்பதே நல்ல கார்டு. இதை மட்டமாகச் சொல்லவில்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள், தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது, லேபிளுக்காக அச்சுத் தொழில் வளர்ந்தது. சிவகாசி அச்சின் கண் தீப்பெட்டி லேபிளில் பழகிய கண். இரண்டு அங்குலத்தில் கிளி, தாமரை, யானை, விலை எல்லாம் தெரிய வேண்டும், படிக்கத் தெரியாதவனும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். அது ஒரு ஜனநாயகம். இன்று நகரத்து வடிவமைப்பாளர்கள் சொல்லும் 'வெற்றிடம் விடு' என்ற நாகரிகம், பெயரைச் சொன்னாலே தெரிந்துவிடும் ஆட்களுக்கானது. கார்டில் பாதியைக் காலியாக விடுவதற்கு ஒரு அந்தஸ்து வேண்டும்.

ஆனால் போட்டோக்காரர் கார்டு வேறு கார்டுகளிலிருந்து ஒரு விதத்தில் மாறுபட்டது. பிளம்பர் கார்டில் குழாய் படம் போட்டால் அது வெறும் அடையாளம். போட்டோக்காரர் கார்டில் போடும் படமே சரக்கு. அதனால் கேமரா படம் வேண்டாம், நீ எடுத்த படம் ஒன்றைப் போடு என்றேன். முன்பக்கம் முழுக்க ஒரே படம், பின்பக்கம் வெள்ளையில் பெயர், ஒரு நம்பர் போதும், இரண்டு நம்பர் போட்டால் எதற்கும் கூப்பிட மாட்டான். எழுத்து தமிழில், பாட்டியும் படிக்கிற அளவில். பளபளப்பு லேமினேஷன் வேண்டாம், பேனாவால் தேதி குறிக்க முடியாது. முகூர்த்தத் தேதியைக் கார்டின் மேலேயே குறித்துக் கொடுத்தால் அந்தக் கார்டைக் கல்யாணம் முடிகிறவரை தூக்கிப் போட மாட்டார்கள். இந்தக் கடைசி யோசனை மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்தது.

எந்தப் படம் என்று பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் சிலமலையைத் தாண்டினால் ராசிங்காபுரம். மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கும். விடியற்காலையில் ஜீப்புகள் போடிமெட்டு வழியாக அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் திரும்பும். 1956இல் மொழிவழி எல்லை போட்டபோது தேவிகுளம், பீர்மேடு அந்தப் பக்கம் போனது. ரேஷன் கார்டு இந்த மாநிலம், கூலி அந்த மாநிலம்.

அப்பாவின் நெகடிவ்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. ஒவ்வொன்றும் பழுப்புக் கவரில், மேலே நம்பரும் பெயரும். பெரும்பாலும் பாஸ்போர்ட் சைஸ். 1993இல் தேர்தல் ஆணையம் வாக்காளருக்குப் புகைப்பட அட்டை என்று உத்தரவிட்டதற்குப் பிறகு படம் இல்லாமல் எதுவும் நடக்காது என்ற நிலைமை மெல்ல மெல்ல வந்தது. கடன், பஸ் பாஸ், பள்ளிக்கூடம், நலவாரியம். வாழ்நாளில் கேமரா முன் நின்றிராத தோட்டக் கூலிகள் முதன்முதலாகச் சர்க்காருக்காக நின்றார்கள். சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுக்கப்பட்ட முகங்கள்.

அந்தக் கவர்களுக்கு நடுவில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அசந்துவிட்டேன். மூன்று பெண்கள், ஒரு ஜீப்பின் பின்னால் நிற்கிறார்கள். தலையில் கட்டிய துண்டு, இடுப்பில் பை, சாயங்கால வெயில். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பன்னிரண்டு படம் எடுக்கிற ரோலில் கடைசியாக ஒன்று மிஞ்சியிருக்க வேண்டும், அதைத் தீர்ப்பதற்காக எடுத்திருப்பார். டச்சிங் இல்லை. யாரும் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமில்லை என்பதால் யார் நிறத்தையும் கூட்ட வேண்டியிருக்கவில்லை. இதுதான் கார்டுக்குப் படம் என்றேன். நெகடிவ் கவரைத் திருப்பிப் பார்த்தேன். அவர் அப்பாவின் கையெழுத்தில் இருந்தது: 'தோட்டப் பொம்பளைக, 3.'

தர்ஸ்டனைப் பற்றி அவ்வளவு பேசியவன் என்ன செய்வது? படம் எடுத்தவருக்கு அந்த மூவரில் ஒருத்தி சொந்தம் என்பது பிறகு தெரிந்தது. தம்பியின் அம்மா படத்தைப் பார்த்ததும், "இது நம்ம சின்னாத்தால்ல" என்றார். இரண்டாவது ஆள் சிலமலைப் பக்கம். மூன்றாவது, சிரிக்கிற பெண், யாருக்கும் தெரியவில்லை, அந்த சீசனுக்கு மட்டும் காய் எடுக்க வந்த வெளியூர்ப் பெண்ணாக இருக்கலாம். எழுத்தில்லாத படம் அந்தரத்தில் நின்றுபோகும் என்ற பொருளில் வால்டர் பெஞ்சமின் 1931இல் எழுதினார். எழுதியிருந்தும் அந்தரத்தில் நிற்கும் படமும் உண்டு என்பதற்கு அந்தக் கவர் உதாரணம். அதிகாரத்தின் கண் அதிகாரம் உள்ளவனிடம் மட்டும் இருப்பதில்லை, கேமராவோடு சேர்ந்தே அது கைமாறுகிறது என்று அப்போது ஒரு வாக்கியத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டேன். வாக்கியம் எனக்குத் திருப்தியாகவும் இருந்தது.

முன்பக்கம் இந்தப் படம், கீழே தெரிந்த இரண்டு பெயர்கள், மூன்றாவதற்கு 'பெயர் தெரிந்தவர்கள் சொல்லவும்' என்று போடுவோம், அதற்குக் கீழே உன் நம்பர். கார்டைப் பார்க்கிறவன் தூக்கிப் போடவே மாட்டான் என்று தம்பியிடம் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவங்களக் கேட்டமாண்ணே? சின்னாத்தா இப்பவும் தோட்டத்துக்குத்தான் போகுது. அதுக்கு மக கல்யாணம் பண்ணணும். தலையில துண்டு கட்டிக்கிட்டு நிக்கிற படத்த ஆயிரம் பேர் பையில ஏத்தி விட்டா அது என்னைய என்ன நெனைக்கும்? உங்களுக்கு அது நல்ல படம். அதுக்கு அது வேலைக்குப் போன நாள்."

பதில் சொல்ல முடியவில்லை. சோஜர்னர் ட்ரூத் தன் நிழலைத் தானே விற்றாள். நான் வேறொருத்தியின் நிழலை விற்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் இலவசமாக. படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சின்னாத்தாவிடம் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். வாங்கிப் பீரோவுக்குள் வைத்துக்கொண்டதாம்.

கார்டு மார்கழியில் வந்துவிட்டது. முன்பக்கம் சும்மா வெள்ளை, தமிழில் பெயர், 'புகைப்படம்' என்ற ஒரே சொல், நம்பர். நான் எழுதிக் கொடுத்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட இல்லை. பின்பக்கம் 'முகூர்த்த நாள்' என்று அச்சிட்டு ஒரு கோடு. அதற்குக் கீழே கறுப்புக் கட்டங்களாக ஒரு க்யூஆர். "அதுல அமுக்குனா மேப்புல நேரா வீட்டுக்கு வந்துரும்ணே, தெருப் பேரே தேவையில்ல" என்றார்.

தை பிறந்ததும் விசாரித்தேன். ஏழு முகூர்த்தம் வந்திருக்கிறது. கார்டைப் பார்த்து மேப் போட்டு வருகிறார்கள். ஊர்த்தெருக்காரர்கள் வண்டி மெயின் ரோட்டில், பழைய மளிகைக் கடை இருந்த இடத்தில் நின்றுவிடுகிறதாம். மேப் இன்னும் இருநூறு மீட்டர் காட்டும். அங்கிருந்து போன் செய்கிறார்கள்.

"கொஞ்சம் வெளிய வந்து அட்வான்ஸ வாங்கிக்கப்பா."

இவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கிவருகிறார்.